உதிரிப்பாகமா, முழு வண்டியா? மிதிவண்டியும் இறக்குமதித் தீர்வையும்

அயல்நாட்டு மிதிவண்டிக்குத் தீர்வை விதிக்கும் எந்த அரசும், அதன் உதிரிப்பாகங்களுக்கு எவ்வளவு விதிப்பது என்ற கேள்வியைத் தவிர்க்க முடிவதில்லை. மிதிவண்டி எளிதில் பிரியவும் எளிதில் சேரவும் கூடிய பொருள். ஃபிரேம், ஃபோர்க், ரிம், ஸ்போக்ஸ், ஹப், கிராங்க், செயின், சீட் எனத் தனித்தனியாகப் பெட்டிகளில் அடைத்து அனுப்பினால், ஸ்பானரும் ஸ்போக் சாவியும் கையில் உள்ள ஒரு தொழிலாளி சில மணி நேரத்தில் அதை ஓடும் வண்டியாக்கிவிடுவார். ஆகவே முழு வண்டிக்கு மட்டும் தீர்வையை உயர்த்தினால் அது பெட்டிகளாகப் பிரிந்து அதே துறைமுகத்தில் வந்திறங்குகிறது; பாகங்களுக்கும் சேர்த்து உயர்த்தினாலோ, தேய்ந்த ஃபிரீவீலை மாற்ற வந்தவரிடமிருந்தே அந்தப் பணம் வசூலாகிறது. இந்தியாவில் மிதிவண்டித் தொழில் எங்கே, யார் கையில் வளர்ந்தது என்பதைத் தீர்மானித்ததில் முழு வண்டியின் மீதான தீர்வையைவிடப் பாகங்களின் மீதான கட்டுப்பாடுகளுக்கே பெரும் பங்கு உண்டு என்பது இக்கட்டுரையின் கருத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவுக்கு வந்த மிதிவண்டிகளில் பெரும்பாலானவை பிரித்தானியத் தயாரிப்புகள். பர்மிங்காமும் கவன்ட்ரியும் நாட்டிங்காமும் அத்தொழிலின் பெரு நகரங்களாக இருந்தன. அக்காலத்துத் தீர்வை உள்நாட்டுத் தொழிலைக் காப்பதற்காக ஏற்பட்டதன்று; அரசின் கருவூலத்துக்கு வருமானம் தேடவே விதிக்கப்பட்டது. 1894ஆம் ஆண்டின் தீர்வைச் சட்டம் பெரும்பாலான செய்பொருள்களுக்கு 5 விழுக்காடு என்ற பொது வீதத்தை வைத்தது. சரக்கின் எடையையோ எண்ணிக்கையையோ பாராமல் அதன் விலை மதிப்பில் இத்தனை பங்கு என வாங்கும் இவ்வகைத் தீர்வை மதிப்புவீதத் தீர்வை எனப்படும். முதல் உலகப் போரும் அதன் பின் வந்த நிதி நெருக்கடியும் இந்த வீதத்தைப் படிப்படியாக மேலேற்றின. 1916இல் ஏழரை, 1921இல் 11, 1922இல் 15 என உயர்ந்த பொது வீதம், உலகப் பொருளாதார மந்தம் உச்சத்திலிருந்த 1931இன் இறுதியில் மேல்வரிகளோடு சேர்ந்து 25 விழுக்காட்டை எட்டியது.

தீர்வை இவ்வாறு ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் மிதிவண்டி வெள்ளை அதிகாரிகளின் கையிலிருந்து குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், தபால்காரர்கள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோரின் கைக்கு வந்தது. அவர்களுக்கு வண்டி வாங்குவது ஒரு முறைச் செலவு. அதன் பிறகு வண்டியை ஓடவைப்பது ஆண்டுதோறும் வந்துகொண்டேயிருக்கும் செலவு. கப்பிச் சாலையிலும் மண் தடத்திலும் இருவரையும் ஒரு மூட்டையையும் சுமந்து ஓடிய வண்டியில் பால்ரசு தேய்ந்தது, செயின் தளர்ந்தது, காட்டர் பின் மழுங்கியது, ஸ்போக்ஸ் அறுந்தது. இவை ஒவ்வொன்றும் கடல் கடந்தே வரவேண்டியிருந்ததால், கல்கத்தா, பம்பாய், சென்னை, கராச்சி ஆகிய துறைமுக நகரங்களின் ஏஜென்ட் நிறுவனங்களிலிருந்து மாவட்டத் தலைநகரங்களின் சைக்கிள் கடைகள் வரை உதிரிப்பாக வணிகம் ஒரு தனி வலைப்பின்னலாகப் படர்ந்தது. பிற்காலத்தில் வண்டிகளைத் தயாரித்தவர்களில் பலர் இந்த வலைப்பின்னலுக்குள்ளிருந்து வந்தவர்களே.

உள்நாட்டுத் தொழிலுக்குக் காப்பு வேண்டும் என்ற கோரிக்கைக்கு ஓரளவு வழிவிட்டது, 1921இல் இப்ராஹிம் ரஹிம்துல்லா தலைமையில் அமைந்த நிதிக்கொள்கை ஆணையம். அது பரிந்துரைத்த கொள்கை தேர்ந்து வழங்கும் காப்பு எனப்பட்டது. மூலப்பொருளும் சந்தையும் உள்நாட்டில் உள்ள, காப்பின்றி வளர முடியாத, நாளடைவில் காப்பை உதறிவிட்டுப் போட்டியிடக்கூடிய தொழில்களுக்கு மட்டும், தீர்வை வாரியம் ஒன்று ஆராய்ந்து சொன்னபின் காப்பு அளிப்பது என்பது அதன் சாரம். 1923இல் வாரியம் அமைந்தது. 1924இல் எஃகுத் தொழில் காப்பைப் பெற்றது. மிதிவண்டிக்கோ காப்புக் கேட்டுக் கதவைத் தட்டுவதற்குக்கூட அப்போது உள்நாட்டில் ஒரு தொழிற்சாலை இல்லை. இல்லாத தொழிலுக்குக் காப்பில்லை, காப்பில்லாமல் தொழில் பிறப்பதில்லை என்ற இந்த முடிச்சு அக்கொள்கையின் மிகப் பெரிய குறை; மிதிவண்டியைப் போல வேறு பல பொறியியல் பொருள்களும் அதில் சிக்கியே இருபது ஆண்டுகளை இழந்தன.

அதற்கிடையே தீர்வைக்கு வேறொரு பணி வந்து சேர்ந்தது. ஜப்பானின் ஒசாகாவை அடுத்த சக்காய் நகரம், கத்தியும் துப்பாக்கியும் செய்த பழங்கைவினை மரபிலிருந்து மிதிவண்டிப் பாகங்களின் உற்பத்திக்கு மாறியிருந்தது. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஷிமானோ நிறுவனம் 1921இல் அங்கேதான் ஃபிரீவீல் செய்யும் பட்டறையாகத் தொடங்கியது. 1931 டிசம்பரில் ஜப்பான் தங்க நிலையைக் கைவிட்டு யென்னின் மதிப்புச் சரிந்தபின், ஜப்பானியப் பொருள்கள் ஆசியச் சந்தைகளில் மிக மலிந்தன. 1932 கோடையில் கனடாவின் ஒட்டாவா நகரில் கூடிய பேரரசுப் பொருளாதார மாநாட்டில், பேரரசுக்குள்ளிருந்து வரும் சரக்குக்குக் குறைந்த வீதமும் வெளியிலிருந்து வருவதற்கு உயர்ந்த வீதமும் விதிக்கும் பேரரசு முன்னுரிமை என்ற ஏற்பாட்டுக்கு இந்தியாவும் உடன்பட்டது. அதுவரை 25 விழுக்காடு செலுத்திய பல பொருள்களுக்குத் தீர்வை, பிரித்தானியச் சரக்காயின் 20, பிறவாயின் 30 என இரண்டாகப் பிளந்தது. மிதிவண்டியும் அதன் பாகங்களும் இந்த 10 விழுக்காட்டுச் சலுகை பெற்றவற்றுள் அடங்கின.

மலிந்த ஜப்பானிய உதிரிப்பாகம் எளியவரின் வண்டியைத் தொடர்ந்து ஓடவைக்கக்கூடியதாக இருந்தபோது, அதற்கு உயர்ந்த தீர்வை விதித்தது இந்தியத் தொழிலைக் காப்பதற்காக அன்று. பர்மிங்காமின் தொழிலைக் காப்பதற்காக. இவ்வகையில் முன்னுரிமை ஏற்பாடு இந்தியப் பயனாளிக்கும் வருங்கால இந்திய உற்பத்தியாளருக்கும் ஒருசேர இழைக்கப்பட்ட அநீதி எனலாம். மத்திய சட்டமன்றமும் அவ்வாறே உணர்ந்தது: ஒட்டாவா ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள வேண்டுமென 1936இல் அது தீர்மானித்தது, அதற்கு மாற்றாக வந்த 1939ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தையும் ஏற்க மறுத்தது. அரசு அந்த மறுப்பைப் பொருட்படுத்தாமல் ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தியது.

ஒட்டாவாவுக்குச் சென்ற இந்தியக் குழுவில் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியார் இடம்பெற்றிருந்தார். ஒப்பந்தத்தை ஆதரித்துப் பேசிய அவர், 1934 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளரிடம் தோற்றார். பதினோரு ஆண்டுகள் கழித்து, 1945 நவம்பரில், போர்க்காலத்தில் முளைத்த தொழில்களுக்குக் காப்பு வழங்குவது பற்றி ஆராய இடைக்காலத் தீர்வை வாரியம் அமைந்தபோது அதன் தலைமை அவரிடமே வந்தது. பழைய ஆணையத்தின் கடுமையான நிபந்தனைகள் இம்முறை தளர்த்தப்பட்டிருந்தன. தொழில் முறையாக நடக்கிறதா, நியாயமான காலத்துக்குள் தன் காலில் நிற்குமா என்பவையே முக்கியமாகப் பார்க்கப்பட்டன. பிரித்தானியச் சரக்குக்குச் சலுகை தந்த ஏற்பாட்டில் பங்கெடுத்தவரே, அச்சரக்கோடு போட்டியிடும் இந்தியத் தொழில்களின் வழக்கைக் கேட்கும் இடத்தில் அமர்ந்தது அவ்விரு காலங்களுக்கும் இடையே கொள்கை எவ்வளவு தூரம் நகர்ந்திருந்தது என்பதைக் காட்டுகிறது.

காப்புக் கேட்பதற்கு அப்போது தொழிற்சாலைகளும் இருந்தன. 1930களின் இறுதியில் கல்கத்தா, பட்னா, பம்பாய் ஆகிய நகரங்களில் மிதிவண்டி செய்யும் முயற்சிகள் தொடங்கியிருந்தன. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய ஆலைகள் ஆயுத உற்பத்திக்குத் திரும்பியபோது இறக்குமதி வற்றியது. எந்தத் தீர்வையும் அளிக்காத காப்பைப் போர் அளித்தது. போர் முடிந்ததும் பிரித்தானியச் சரக்கு மீண்டும் வந்து குவியுமானால் இந்த இளந்தொழில் அழிந்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. வாரியம் மிதிவண்டித் தொழிலை ஆராய்ந்து பரிந்துரைக்க, 1947இல் அது காப்புப் பெற்ற தொழிலாயிற்று. வருவாய்க்காக விதிக்கப்பட்டுவந்த தீர்வை அவ்வாண்டு முதல் காப்புத் தீர்வையாக மாறியது. அதே ஆண்டின் நவம்பரில் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் வரவுசெலவுத் திட்டத்தை வைத்த நிதியமைச்சரும் சண்முகம் செட்டியாரே.

ஆயினும் தீர்வை தனித்து ஆண்டது சில காலமே. 1947ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, வெளிநாட்டுச் சரக்கு எதையும் கொண்டுவருவதற்கு முன் உரிமம் பெறவேண்டியிருந்தது. தீர்வை என்பது செலுத்தினால் திறக்கும் கதவு. உரிமம் கிடைக்காவிட்டால் எவ்வளவு செலுத்த முன்வந்தாலும் கதவு திறப்பதில்லை. ஸ்டெர்லிங் கையிருப்பு கரைந்து 1957இல் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபின், உள்நாட்டில் செய்யக்கூடிய எந்தப் பாகத்துக்கும் உரிமம் தருவதில்லை என்பதே நடைமுறையாயிற்று.

இந்தச் சுவரைக் கண்ட பிரித்தானிய உற்பத்தியாளர்கள் அதற்கு வெளியே நின்று இழப்பதைவிட உள்ளே வந்து ஆலை எழுப்புவதே மேல் என்று கணித்தனர். ஹெர்குலிஸ், ஃபிலிப்ஸ் ஆகிய வண்டிகளைத் தன்வசம் வைத்திருந்த பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனம், முருகப்பா குடும்பத்தோடு கூட்டுச் சேர்ந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியாவை நிறுவியது. சென்னைக்கு மேற்கே, அக்காலத்தில் சிற்றூராக இருந்த அம்பத்தூரில் அதன் ஆலை எழுந்தது. ராலே வண்டிகளை இறக்குமதி செய்துவந்த கல்கத்தாவின் சென் அண்டு பண்டிட் நிறுவனமோ, நாட்டிங்காம் ராலேயுடன் இணைந்து அசன்சோலை அடுத்த கன்யாபூரில் சென்-ராலே ஆலையை அமைத்தது. அதுவரை ஏஜென்டாக இருந்தவர் உற்பத்தியாளராக மாறிய இத்தகைய மாற்றத்தைக் கொண்டுவந்ததில் காப்புக் கொள்கைக்கு உள்ள பங்கு மறுக்க முடியாதது.

அம்பத்தூரின் வரலாறு பாகங்களின் வழியாகவே வளர்ந்தது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைக் கொண்டு வண்டி பூட்டப்பட்டது. ஒவ்வொரு பாகத்தையும் உள்நாட்டில் செய்யத் தொடங்கியதும் அதற்கான இறக்குமதி உரிமம் நின்றுபோகும். அதைச் செய்வதற்கு வேண்டிய மூலப்பொருள் அடுத்த சிக்கலாக முன்வரும். ஃபிரேமை உள்ளூரில் பற்றவைக்கலாம், ஆனால் அதற்குக் குழாய் வேண்டும். குழாயைச் செய்யலாம், அதற்கு எஃகுத் தகட்டுச் சுருள் வேண்டும். குழாய்க்கென 1955இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா ஏற்பட்டது. செயினுக்கென 1960இல் டி.ஐ. டைமண்ட் செயின் ஏற்பட்டது. அம்பத்தூரும் ஆவடியும் பிற்காலத்தில் மோட்டார் வாகன உதிரிப்பாகங்களுக்குப் பேர்போனதற்கு, மிதிவண்டிக் குழாயையும் செயினையும் செய்து பழகிய கைகளும் ஒரு காரணம்.

வடக்கே நிகழ்ந்தது முற்றிலும் வேறு வகை. பஞ்சாபின் லூதியானாவில் வெளிநாட்டுக் கூட்டாளியோ பெரும் ஆலையோ இன்றி, ஒருவர் ஹேண்டில்பார், இன்னொருவர் மட்கார்டு, மற்றொருவர் பெடல் எனச் சிறு பட்டறைகள் தனித்தனிப் பாகங்களைச் செய்தன. பிரிவினைக்குப் பின் அமிர்தசரசிலிருந்து அங்கே குடிபெயர்ந்த முஞ்சால் சகோதரர்கள் உதிரிப்பாக வணிகத்திலிருந்து உற்பத்திக்கு வந்தவர்கள். 1956இல் ஆண்டுக்கு 7,500 வண்டிகள் செய்யும் உரிமத்துடன் ஹீரோ சைக்கிள்ஸைத் தொடங்கினர். முப்பதே ஆண்டுகளில், 1986இல், உலகிலேயே மிகுதியாக மிதிவண்டி செய்யும் நிறுவனம் என கின்னஸ் ஏடு அதைப் பதிந்தது. அயல்நாட்டுப் பாகத்துக்கு உரிமம் மறுக்கப்பட்ட நாட்டில், அந்தப் பாகத்தைச் செய்யத் தெரிந்த சிறு பட்டறைக்காரருக்கு உறுதியான சந்தை கிடைத்தது. 1967 முதல் குறிப்பிட்ட பொருள்களைச் சிறுதொழிலுக்கென்றே ஒதுக்கிவைத்த கொள்கை, மிதிவண்டிப் பாகங்கள் பலவற்றையும் உள்ளடக்கி அந்தச் சந்தையை மேலும் உறுதியாக்கியது.

இதற்கெல்லாம் விலை கொடுத்தவர் வண்டியை மிதித்தவரே. போட்டியில்லாத சந்தையில் கனத்த கறுப்பு ரோட்ஸ்டர் வண்டி, 1950களில் இருந்த வடிவிலேயே ஏறத்தாழ மாற்றமின்றி 1980கள் வரை விற்பனையாயிற்று. வேறு நாடுகளில் கியர் மாற்றும் டெரெய்லரும் அலுமினியக் கலவை ரிம்மும் பரவியபோது இங்கே அவை அரும்பொருள்களாகவே இருந்தன. எனினும் தொழிலாளியின் சில மாதக் கூலிக்குள் வாங்கத்தக்க, கிராமத்து மரத்தடிக் கடையிலும் பழுதுபார்க்கத்தக்க ஒரு வண்டியையும், எந்த ஊரிலும் கிடைக்கும் ஒரே அளவான பாகங்களையும் அந்தக் காலமே தந்தது. அதைச் சிறிதெனக் கருதுவது நேர்மையாகாது. வண்டி உரிமையாளர்மீது விழுந்த வரி துறைமுகத்தோடும் முடியவில்லை. நகராட்சிகளும் ஊராட்சிகளும் மிதிவண்டிக்கென ஆண்டு வரி வசூலித்து உலோக வில்லை ஒன்றை வழங்கின; அது வண்டியில் பொருத்தப்பட்டிருக்கவேண்டும், வில்லையில்லாத வண்டியைப் பிடித்துவைக்கவும் செய்தனர்.

1991க்குப் பின் சுங்கத் தீர்வையின் உச்ச வீதம் 150 விழுக்காட்டிலிருந்து ஆண்டுக்கு ஆண்டு இறங்கி, 2007இல் பெரும்பாலான தொழிற்பொருள்களுக்கு 10 விழுக்காடாயிற்று. நுகர்பொருள்களுக்கு எஞ்சியிருந்த அளவுக் கட்டுப்பாடுகளும் 2001 ஏப்ரல் முதல் நாளோடு நீங்கின. உரிமம் என்ற சுவர் மறைந்ததும் தீர்வை மீண்டும் முதன்மை பெற்றது. சீன வண்டிகளின் வரவு பெருகவே, 2012ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் முழு வண்டிக்கு 30, பாகங்களுக்கு 20 என 10 விழுக்காட்டுத் தீர்வையை உயர்த்தியது.

இந்த 30க்கும் 20க்கும் இடையிலான வெளி, கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய பழைய சிக்கலை மீண்டும் கொண்டுவந்தது. உலகச் சுங்க அமைப்பின் ஒத்திசைந்த வகைப்பாட்டில் மிதிவண்டிக்கு 8712 என்ற தலைப்பும் பாகங்களுக்கு 8714 என்ற தலைப்பும் உண்டு. பின்னதன்கீழ் ஃபிரேமும் ஃபோர்க்கும் 8714.91, ரிம்மும் ஸ்போக்ஸும் 8714.92 என உட்பிரிவுகள் அமைகின்றன. டயர் ரப்பர்ப் பொருள்களின் அதிகாரத்துக்கும் செயின் இரும்புப் பொருள்களின் அதிகாரத்துக்கும் போய்விடுகின்றன. ஆனால் அவ்வகைப்பாட்டின் பொது விளக்க விதி 2(அ), பூட்டப்படாமல் பிரித்துக் கொண்டுவரப்பட்ட பொருளையும், முழுமையின் இன்றியமையா இயல்பைப் பெற்றுவிட்ட குறைப்பொருளையும் முழுப்பொருளாகவே கொள்ளச் சொல்கிறது. ஒரு வண்டிக்கு வேண்டிய எல்லாப் பாகங்களும் ஒரே சரக்காக வந்தால் அவை பாகங்கள் அல்ல, வண்டியே. சீட்டும் பெடலும் மட்டும் குறைந்தால் அது வண்டியா பாகமா என்பதை அந்தந்தச் சரக்கைக் கண்டுதான் முடிவு செய்யவேண்டும்.

இச்சிக்கலை மிக விரிவாகக் கையாண்டது ஐரோப்பிய ஒன்றியம். அங்கே முழு வண்டிக்குப் பொதுத் தீர்வை 14 விழுக்காடு, பாகங்களுக்கு 4.7 மட்டுமே. சீன வண்டிகள் நியாய விலைக்குக் கீழே விற்கப்படுகின்றன எனக் கண்டு, 1993இல் அவற்றின்மீது 30.6 விழுக்காடு கூடுதலாக விதிக்கப்பட்டது. இதுவே பொருள்குவிப்புத் தடுப்புத் தீர்வை. உடனே அவ்வண்டிகள் பாகங்களாகப் பிரிந்து ஐரோப்பியப் பட்டறைகளுக்கு வந்து சேர்ந்தன. 1997 ஜனவரியில் அத்தீர்வை இன்றியமையாப் பாகங்களுக்கும் நீட்டப்பட்டது. வண்ணம் பூசிய ஃபிரேமும் ஃபோர்க்கும் டெரெய்லரும் கிராங்கும் ஹேண்டில்பாரும் அவ்வகையில் அடங்கின. வண்ணம் பூசாத வெற்று ஃபிரேமோ, பூசும் வேலையேனும் உள்ளூரில் நடக்குமென்பதால் விடுபட்டது. சீனப் பாகங்களின் மதிப்பு மொத்தப் பாக மதிப்பில் 60 விழுக்காட்டுக்குக் குறைவாக உள்ள ஆலைகளுக்கும், மாதந்தோறும் ஒரு வகைப் பாகத்தில் 300க்கும் குறைவாகத் தருவிக்கும் சிறு பட்டறைகளுக்கும் விலக்கு உண்டு. பழுதுபார்க்கும் கடைக்காரரைச் சட்டம் நினைவில் வைத்திருந்தது என்ற அளவில் இது பாராட்டத்தக்க ஏற்பாடு. 2005இல் தீர்வை 48.5 விழுக்காடாக உயர்ந்ததும், சீனப் பாகங்கள் வேறு நாடுகளில் பூட்டப்பட்டு ஐரோப்பாவுக்குச் செல்லத் தொடங்கின; 2013 மே மாதத்தில் இந்தோனேசியா, மலேசியா, துனீசியா ஆகியவற்றோடு இலங்கையிலிருந்து செல்லும் வண்டிகளுக்கும் அத்தீர்வை விரிந்தது. தாம் செய்யும் வேலை வெறும் பூட்டுதல் அன்று என்று மெய்ப்பித்த ஆலைகளுக்கு மட்டுமே விலக்குக் கிடைத்தது.

வெளிநாட்டிலிருந்து தனக்கென ஒரு பாகத்தைத் தருவிக்கும் இந்திய வணிகர் இன்று காணும் கணக்கு இந்த நெடிய வரலாற்றின் அடுக்குகளைத் தாங்கியே வருகிறது. தீர்வை பொருளின் விலைக்கு மட்டும் விதிக்கப்படுவதில்லை. விலை, கப்பல் அல்லது விமானக் கூலி, காப்புறுதி மூன்றும் சேர்ந்த மதிப்புக்கே விதிக்கப்படுகிறது. ஆகவே எடை குறைந்த ஒரு டெரெய்லரை விரைவு அஞ்சலில் வரவழைப்பவர் கூலிக்கும் சேர்த்தே வரி செலுத்துகிறார். விமானக் கூலி எவ்வளவு உயர்ந்தாலும், மதிப்பில் அதைப் பொருள் விலையின் 20 விழுக்காட்டுக்கு மேல் சேர்க்கக்கூடாது என்ற மதிப்பீட்டு விதியே இங்கு ஒரே ஆறுதல். 2018இல் சமூகநல மேல்வரி வந்தபின், 10,000 ரூபாய் மதிப்புள்ள பாகங்களுக்கு 20 விழுக்காட்டில் அடிப்படைச் சுங்கம் 2,000 ரூபாய். அந்தச் சுங்கத்தில் பத்தில் ஒரு பங்கு மேல்வரி 200. இவையெல்லாம் சேர்ந்த 12,200 ரூபாய்க்கு அப்போதைய 12 விழுக்காட்டில் ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரி 1,464. மொத்தம் 3,664 ரூபாய். வரிக்கு மேல் வரி என்று கடைக்காரர்கள் சொல்வது இந்த மூன்றாம் அடுக்கைத்தான். பதிவுபெற்ற வணிகர் இந்தச் சரக்கு சேவை வரியைத் தன் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம். தன் வண்டிக்காக வாங்கும் தனியாளுக்கு அந்த வழியில்லை, அஞ்சலில் வரும் தனிப்பயன் சரக்குக்கெனத் தனித் தலைப்பும் வீதமும் உள்ளன. அன்பளிப்பு என்ற பெயரில் தீர்வையின்றி வந்துகொண்டிருந்த சிறு பொதிகளுக்கான சலுகையும் 2019 டிசம்பரில் முடிவுக்கு வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் மிதிவண்டிக்கும் அதன் பாகங்களுக்கும் சரக்கு சேவை வரி 5 விழுக்காடாகக் குறைந்ததால், அடிப்படைச் சுங்கத்தை 20 விழுக்காடு என்றே கொண்டால், மேற்கண்ட கணக்கின் மூன்றாம் அடுக்கு 610 ரூபாயாகவும் மொத்தம் 2,810 ரூபாயாகவும் இறங்குகிறது.